மாஸ்த்ரு வஸ்தியானுவின் அறுபத்திரண்டு மேண்டலின்கள்

முதலில் அறுபத்து மூன்று இருந்தன. ஒன்று வெந்துபோயிற்று.

மாஸ்த்ரு வஸ்தியானு எங்கள் மலையூரான பியெத்ராமாராவில் முடிவெட்டுகிறவர். கைத்தொழில் தெரிந்த எவரையும் இங்கே மாஸ்த்ரு என்றுதான் கூப்பிட வேண்டும்; வெறும் பெயரைச் சொன்னால் அடுத்த முறை காதோரம் கோணலாகத்தான் வெட்டி விடுவார்கள். எலுமிச்சைப்பழக் கொட்டகையில் வேலைக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து நான் இங்கே வந்து இருபத்தேழு வருஷம். அன்றிலிருந்து என் தலை அவருடைய பொறுப்பில்தான் இருக்கிறது. கத்தரிக்கோலில் கெட்டிக்காரர், மேண்டலினில் அதைவிடக் கெட்டிக்காரர். ஒரேயொரு நோய் அவருக்கு. யார் வீட்டுப் பரணிலாவது ஒரு மேண்டலின் கிடக்கிறது என்று கேள்விப்பட்டால் அவரால் உட்கார முடியாது. செத்தவர் வீட்டிலிருந்து, கத்தானியாவின் பழைய சாமான் சந்தையிலிருந்து, பாதிரியாரின் அலமாரியிலிருந்து எல்லாம் தூக்கி வந்துவிடுவார். ஒன்றின் குடத்துக்குள் கோழி முட்டையிட்டிருந்தது. முட்டையைக் கோழிக்காரியிடம் கொடுத்துவிட்டு மேண்டலினைக் கொண்டுவந்தார்.

திங்கட்கிழமை சலூன்களுக்கு விடுமுறை. அன்றைக்கு முழுக்க வீட்டில் உட்கார்ந்து ஒட்டுவார், தேய்ப்பார், கம்பி மாட்டுவார். அப்படிப் பழுது பார்த்தவை கட்டிலுக்குக் கீழே, அலமாரிக்கு மேலே, குளியல் தொட்டிக்குள் என்று வீடெங்கும் நிறைந்து கிடந்தன. அவர் மனைவி அகத்தீனா பள்ளிக்கூடச் சமையற்காரி. இருநூறு பிள்ளைகளை ஒரே அதட்டலில் வரிசையாக நிற்க வைக்கும் குரல். "இனி ஒண்டு வந்தால் ஒண்டில் அது, இல்லாட்டி நான்" என்று அவள் சொல்லி வைத்திருந்தாள். அதனால் பெப்ரவரியில் வாங்கிய அறுபத்து மூன்றாவதை மாஸ்த்ரு சொல்லாமல் கொள்ளாமல் கொண்டுவந்து, அடுப்பின் கீழறைக்குள், பாஸ்தாவைத் தட்டோடு வைத்துச் சுடுகிற அறைக்குள், ஒளித்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை அகத்தீனாவின் தங்கை குடும்பம் விருந்துக்கு வருகிறது என்பது அந்த மனுஷனுக்கு மறந்தே போயிற்று.

அகத்தீனா கத்தரிக்காயை நறுக்குவதற்கு முன் அடுப்புக் கீழறையைச் சூடாக்கப் பற்ற வைத்தாள். வார்னிஷ் மணம் தெருவரைக்கும் வந்தது. கதவைத் திறந்தபோது மேண்டலினின் குடம் தோடம்பழச் சுளைபோல் பிரிந்து கிடந்ததாம். மாஸ்த்ரு அழுதார். அகத்தீனா அழவில்லை, தீர்ப்புச் சொன்னாள்.

"மிலானிலயிருந்து அந்த வாத்திய வியாபாரி மூண்டு தரம் கடிதம் போட்டிட்டான். எல்லாத்தையும் ஒண்டாய் எடுக்கிறானாம். ஜூனில சான் வீத்தோ புனிதரின்ரை திருநாள் வரைக்கும் பாப்பன். அதுக்குள்ள உதுகளுக்கு வேற இடம் பாக்காட்டி, அடுத்த நாளே அவனை வரச் சொல்லுவன்."

"அவன் வாசிக்கிறதுக்கே எடுக்கிறான், அகத்தீனா? ஹோட்டல் சுவரில ஆணி அடிச்சுத் தொங்கவிட எடுக்கிறான்!"

"தொங்கட்டும். என்ரை சுவரில இடமில்லை."

அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. குளிப்பதற்கு முன் பதினொரு மேண்டலினைத் தூக்கி வெளியே வைக்க வேண்டிய வீட்டில் வேறு எந்தப் பெண்ணும் முப்பது வருஷம் இருந்திருக்க மாட்டாள். ஆனால் ஹோட்டல் சுவர் என்றது எனக்கும் பிடிக்கவில்லை. அந்த வாத்தியங்கள் இனி ஒருநாளும் பேசாது, குடிக்க வருகிறவர்களுக்கு அழகு காட்டிக்கொண்டு தொங்கும்.

பழைய தபால் கந்தோரின் மாடியறை சும்மா கிடந்தது. மாஸ்த்ரு அதைக் கேட்டு மேயர் அம்மாவிடம் போனார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே எங்களுக்கு முன்னாலேயே ஊர் பாண்டு வாத்தியக் குழுவின் தலைவர் தூரி ரபிசார்தா காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சீருடைகளைத் தொங்கவிட அவருக்கு அதே அறை வேண்டுமாம்.

"எத்தினை பேர் வாசிக்கினம், மாஸ்த்ரு?" என்று மேயர் அம்மா கேட்டாள்.

"இப்போதைக்கு நான்."

தூரி சிரித்தார். "நுளம்பு மாதிரி ஒண்டு காதுக்குள்ள ஙொய் எண்டும். அதுக்கு ஒரு மாடியறையோ? என்னட்டை நாப்பது பேர். ஊதினால் மலையே அசையும்."

மேயர் அம்மா கணக்காகப் பேசுகிற மனுஷி. "ஒரு விசரனுக்கு ஊர் அறை தர ஏலாது, மாஸ்த்ரு. இருவது பேரைக் காட்டுங்கோ. சான் வீத்தோ ஞாயிறு, பூசை முடிய, சதுக்கத்தில. இருவது பேர் இருந்து வாசிச்சால் அறையின்ரை பூட்டுத் திறப்பு உங்கடை. பத்தொன்பது எண்டால் தூரியின்ரை."

இறங்கி வரும்போது மாஸ்த்ரு குதூகலமாக இருந்தார். இருபது பேர் என்ன, இலவச வகுப்பு என்று போட்டால் இருநூறு பேர் வருவார்கள் என்றார். இவர்கள் பிறந்த ஊரை இவர்களைவிட நான் நன்றாக அறிவேன். இந்த ஊர் ஆண்பிள்ளைக்கு, வயது வந்தபின் மாணவனாக வகுப்பு வாங்கில் உட்காருவதைவிடப் பல்லைப் பிடுங்குவது மேல். ரொட்டிக் கடையில், மருந்துக் கடையில், கோயில் வாசலில் எல்லாம் அறிவிப்பு ஒட்டினோம். முதல் வகுப்புக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற பொலிஸ்காரர். வைன் கொடுப்பார்கள் என்று நினைத்து வந்தவர், இல்லை என்றதும் போய்விட்டார். மற்றவன் நான்.

நான் எப்படி வாசித்தேன் என்று கேட்காதீர்கள். மேண்டலினுக்கு எட்டுக் கம்பி, நாலு சோடி. ஒரு சோடியின் இரண்டு கம்பியும் ஒரே குரலில் பேச வேண்டும். ஒன்று மயிரிழை தவறினாலும் பல்லில் மணல் கடிபட்டதுபோல் இருக்கும். எனக்கு அந்த மணல் தெரியவே தெரியாது. மாஸ்த்ரு சுருதி சேர்த்துத் தந்தால் வாசிப்பேன், கலைந்தாலும் அதே சந்தோஷத்தோடு வாசிப்பேன்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, சலூனில் ஆறேழு பேர் காத்திருந்தார்கள். நாற்காலியில் இறைச்சிக் கடை அல்ஃபியு. முகம் முழுக்கச் சவர்க்கார நுரை. மாஸ்த்ருவின் கையில் கத்தி. நான் மூலையில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த ஒரே நடன மெட்டான மசுர்க்காவைத் தட்டித் தடவிக்கொண்டிருந்தேன். அல்ஃபியுவின் தோள் ஒரு தரம் துடித்தது. பிறகு இன்னொரு தரம் துடித்தது.

"ஆடாதையும். கழுத்தில கத்தி நிக்குது" என்றார் மாஸ்த்ரு.

"அவனை நிப்பாட்டச் சொல்லும்."

"பாவம், பழகிறான்."

"மாஸ்த்ரு, மூண்டாஞ் சோடி! கேக்கேலாமக் கிடக்கு! ஒரு மாட்டை இவ்வளவு வதைச்சால் என்னைப் பிடிச்சு மறியலில போடுவாங்கள்!"

நான் பாட்டுக்கு வாசித்தேன். அல்ஃபியு கத்தியைத் தள்ளிவிட்டு எழும்பினார். பாதி முகம் வழித்தது, பாதி முகம் நுரை. கழுத்தில் துண்டோடு வந்து, "கொண்டா இங்கை, கொலைகாரா!" என்று என் மடியிலிருந்து மேண்டலினைப் பறித்தார். சுருதிச் சாவியை இரண்டு திருகு திருகினார், காதை வைத்துக் கேட்டார், இன்னொரு அரைத் திருகு. பிறகு சும்மா தடவிப் பார்த்தார். தடவிய விரல் நிற்கவில்லை. எந்த இசைத்தாளும் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, ஒரு முழு வால்ஸ் மெட்டை அடித்து முடித்தார். நுரை தொப்பென்று அவர் சப்பாத்தில் விழுந்தது.

"உமக்கு வாசிக்கத் தெரியுமே?" என்று மாஸ்த்ரு மெதுவாகக் கேட்டார்.

"ஆருக்கு? எனக்கோ? சீ."

"அப்ப இப்ப என்ன செய்தனீர்?"

"சுருதி சேர்த்தனான்."

"அதுக்குப் பிறகு?"

"சரியாச் சேர்ந்திட்டுதோ எண்டு பாத்தனான்" என்று சொல்லிவிட்டு அல்ஃபியு திரும்பிப்போய் நாற்காலியில் சாய்ந்தார்.

விஷயம் இதுதான். இவர்கள் இளைஞர்களாக இருந்த காலத்தில் ஒவ்வொரு சலூன் சுவரிலும் ஒரு மேண்டலினும் ஒரு கித்தாரும் தொங்கும். தன் முறை வரும்வரை காத்திருக்கிறவன் அதை எடுத்து அடிப்பான். தவறினால் முடிவெட்டுகிறவர் சீப்பால் மண்டையில் தட்டித் திருத்துவார். அதைப் படிப்பு என்று ஒருவனும் நினைக்கவில்லை. சீட்டி அடிக்கத் தெரியுமா என்று யாராவது பத்திரம் கேட்பார்களா? அதுபோலத்தான். வகுப்புக்கு வா என்றால் வரமாட்டார்கள். வாசிக்கத் தெரியுமா என்றால் சத்தியமாக இல்லை என்பார்கள். ஆனால் கலைந்த கம்பியைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அவர்களால் முடியாது.

கடை வெறுமையானதும் மாஸ்த்ரு என் இரண்டு தோளையும் பிடித்தார். கண் பளபளத்தது.

"இனிச் சனிக்கிழமையள் நீ இங்கை வந்திருந்து வாசி."

"எனக்கு ஒண்டும் வராதே, மாஸ்த்ரு."

"அதுதானடா வேணும்! இந்த மாகாணத்தில உன்னைப்போல கேவலமா வாசிக்கிறவன் ஒருத்தனுமில்லை. கடவுள் உன்னை எனக்கெண்டே அனுப்பினவர்."

இப்படி ஒரு பாராட்டை வாழ்க்கையில் நான் வாங்கியதில்லை. அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் தூண்டிலில் புழுவாக மூலையில் உட்கார்ந்தேன். மாஸ்த்ரு காலையிலேயே ஒரு கம்பியை அரைத் திருகு தளர்த்தித் தருவார். முதல் வாரம் ரொட்டிக் கடைக்காரர் அகப்பட்டார். அடுத்தது சவப்பெட்டி செய்கிறவர். சீமெந்து லொறி ஓட்டுகிறவன் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து சுருதி சேர்த்துவிட்டு, பின்னால் ஹாரன் அடித்தவர்களைத் திட்டிக்கொண்டே ஒரு போல்க்கா முழுக்க வாசித்தான். எதிர்ப்பக்க மருந்துக் கடை அம்மா வெள்ளைக் கோட்டோடு தெருவைக் கடந்து வந்து, "ஆம்பிளையளுக்குக் காது எண்டு ஒண்டு இல்லையே?" என்று கேட்டுவிட்டுப் பறித்தாள். அவளுடைய தகப்பன் சலூன் வைத்திருந்தவர். திரைக்குப் பின்னாலிருந்து கேட்டே பழகியவள். யாரையும் ஒத்திகைக்கு வா என்று மாஸ்த்ரு கூப்பிடவில்லை. "சனிக்கிழமை பின்னேரம் கொஞ்சம் காத்திருக்க வேண்டி வரும்" என்பார், அவ்வளவுதான். வெட்ட முடியே இல்லாதவர்களும் வந்து காத்திருந்தார்கள். ஜூன் பிறந்தபோது சரியாக இருபது பேர், மாஸ்த்ருவையும் என்னையும் சேர்த்து.

திருநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது அல்ஃபியுவின் பெரியம்மா இறந்துபோனாள். துக்க வீட்டில் ரேடியோவே போடமாட்டார்கள். துக்கக்காரன் சதுக்கத்தில் உட்கார்ந்து மேண்டலின் அடித்தால் அவன் பேரப்பிள்ளைவரைக்கும் ஊர் சொல்லிக் காட்டும். அல்ஃபியு கறுப்புச் சட்டையோடு வந்து, "மன்னிச்சுக் கொள்ளும், கும்பாரி" என்று மாஸ்த்ருவின் கையைப் பிடித்தார். கும்பாரி என்று கூப்பிட்டால் உடன்பிறவாத சகோதரன் என்று அர்த்தம். மாஸ்த்ரு அவரைக் கட்டிப்பிடித்து அனுப்பினார். அன்று பின்னேரம் எனக்குச் சவரம் செய்யும்போது அவர் மிச்சமிருந்த பத்தொன்பது பேரையும் திரும்பத் திரும்ப எண்ணினார். இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக என் கன்னத்தில் வெட்டு விழுந்தது.

ஞாயிறு காலை தூரியின் பாண்டு விடியுமுன்பே வந்து மரநிழல் முழுவதையும் பிடித்துவிட்டது. எங்களுக்குக் கிடைத்தது எதிர்ப்பக்கம், பொட்டல் வெயில், கீழே எரிமலைக் கல் பாவிய கறுப்புத் தரை. அங்கே மாஸ்த்ரு, வாழ்க்கை முழுக்க மேண்டலினை வெயிலில் வைக்காதே என்று ஊருக்கெல்லாம் ஓதிய மனுஷன், என்ன செய்தார் தெரியுமா? பூசைக்குப் போகிற சனம் பார்க்கட்டும் என்ற பெருமையில், ஒன்பது மணிக்கே இருபது நாற்காலியிலும் இருபது மேண்டலினை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கோயிலுக்குள் போனார். இருபதாவது நாற்காலிக்கு எப்படியாவது ஒருவரை அனுப்பச் சொல்லிச் சான் வீத்தோவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாராம். பிரசங்கம் வேறு நீண்டது. பதினொன்றரைக்கு வெளியே வந்தபோது என் மேண்டலினின் குடம் தேநீர்க் கேத்தல்போலச் சுட்டது.

மேயர் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து விரலால் எண்ணினாள். "பத்தொன்பது" என்று அவள் வாய் அசைந்ததை நான் பார்த்தேன். நிழலில் நின்ற தூரி மீசையைத் தடவினார். அகத்தீனா மூன்றாம் வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இருந்தாள். மாஸ்த்ரு முகம் வெளுத்து, தலையை ஆட்டினார். நாங்கள் தொடங்கினோம்.

ஐயோ. எனக்கே கேட்டது. மணல் தெரியாத எனக்கே கேட்டது! நூற்று ஐம்பத்திரண்டு கம்பி, ஒன்றாவது மற்றதோடு பேசவில்லை. வெயில் அத்தனையையும் கலைத்துவிட்டிருந்தது. மாஸ்த்ருவின் நெற்றியில் வியர்வை வடிந்தது. நிறுத்தவும் முடியாது, தொடரவும் முடியாது. இதோ, இந்த இடத்தில் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

சதுக்கத்திலிருந்து ஒரு முனகல் எழுந்தது. பல்வலிக்காரர்கள் முந்நூறு பேர் ஒன்றாக முனகினால் எப்படி இருக்கும், அப்படி. பிறகு ஒரு பாதி மூடிய ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அல்ஃபியுவின் தொண்டை வெடித்தது. துக்கக்காரன் வாசிக்கத்தான் கூடாது. கத்தக்கூடாது என்று ஒரு சட்டமுமில்லை.

"ரெண்டாஞ் சோடியடா! ரெண்டாஞ் சோடி! ரொட்டிக்காரா, உனக்குக் காது அடைச்சுப் போச்சே?"

அது போதுமாக இருந்தது. ஐஸ் கடை மேசையிலிருந்து ஒரு ஆள் எழும்பினான். "கொண்டா இங்கை!" என்று வந்து லொறிக்காரனின் கையிலிருந்து இழுத்தான். அவன் பின்னால் இரண்டு பேர், பிறகு ஐந்து பேர். நான் முன்பின் பார்த்தறியாத ஒரு மீன்காரர் என் மடியில் கிடந்ததைப் பறித்துக்கொண்டு என் நாற்காலியிலும் உட்கார்ந்தார். வெறுமையாக இருந்த இருபதாவது நாற்காலிக்கு மூன்று பேர் அடிபட்டார்கள். ஒவ்வொருவனும் சாவியைத் திருகுகிறான், காதை வைக்கிறான், பக்கத்தவனைத் திட்டுகிறான். ஆளுக்கொரு சுருதி!

"நிப்பாட்டுங்கோடா, காட்டுமிராண்டியளே!" தூரி நிழலை விட்டு ஓடிவந்தார். தங்கக் கரை வைத்த தொப்பி சரிந்து கிடந்தது. தன் ஆள் ஒருவனின் கிளாரினெட்டைப் பறித்தார். "லா தாறன். எல்லாரும் இதைப் பிடியுங்கோ. லா!"

நீளமாக, ஆடாமல், அந்த ஒற்றைச் சுரத்தை ஊதிக்கொண்டே நின்றார். நாற்பது வருஷம் பாண்டு நடத்திய மனுஷனால், கலைந்த சுருதியை எதிரியின் தோல்வியாகக்கூடச் சகித்துக்கொள்ள முடியவில்லை. எனக்கு அவர்மேல் முதல் தடவையாக மரியாதை வந்தது. சதுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அந்த லாவைப் போய்ப் பிடித்தது.

ஆனால் சேர்த்தவன் திருப்பிக் கொடுப்பானா? எங்கள் ஆட்கள் தங்கள் மேண்டலினைக் கேட்டார்கள். வந்தவர்கள் விடமாட்டோம் என்றார்கள். ஒரு மேண்டலினை இரண்டு பக்கமும் பிடித்து இழுப்பதைக் கண்ட அகத்தீனா எழும்பினாள். இருநூறு பிள்ளைகளை அடக்கிய குரல் கோயில் மணிக்கு மேலே போயிற்று.

"இழுக்காதையுங்கோ! பிய்ஞ்சு போகும்! வீட்டில இன்னும் நாப்பத்திரண்டு கிடக்கு, கொண்டு வாறன்!"

பழக்காரனின் மூன்று சக்கர வண்டியில் அவளே ஏறி உட்கார்ந்து போனாள். ஒரு நடையில் இருபத்தைந்து, மறு நடையில் பதினேழு. உடுப்புக் கூடைகளில், போர்வையில் சுற்றி, ஒரு கீறல்கூடப் படாமல் கொண்டுவந்து சேர்த்தாள். நீட்டிய கைகளில் ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே, "பாத்துப் பிடியும், இதுக்குக் கழுத்து பலவீனம்" என்றும், "இது நல்ல பிள்ளை, இறுக்கித் திருகாதையும்" என்றும் சொன்னாள். ஒவ்வொன்றின் குணமும் அவளுக்குத் தெரிந்திருந்தது! மாஸ்த்ரு வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

பிறகு வாசித்தார்கள். அறுபத்திரண்டு மேண்டலின், சலூனில் காத்திருந்தபோது ஒட்டிக்கொண்ட அதே மசுர்க்கா. தூரியின் பெரிய மேளம் தானாக வந்து தாளத்தைப் பிடித்தது. கிழவர் கிழவியெல்லாம் கறுப்புக் கல்லில் ஆடினார்கள். சான் வீத்தோவின் சிலையைத் தோளில் வைத்த ஆட்கள் கோயில் வாசலில் வந்து நின்று, கீழே இறக்கி வைத்துவிட்டு, அவர்களும் தாளம் போட்டார்கள். ஊர்வலம் முக்கால் மணி நேரம் பிந்தியது. மேயர் அம்மா நாற்பத்தேழுவரைக்கும் எண்ணிவிட்டு விரலை மடக்கிவிட்டாள். மாஸ்த்ரு வாசிக்கவில்லை. அவருடையதை யாரோ பறித்துவிட்டார்கள். வெறுங்கையோடு நடுவில் நின்று, மறைக்காமல் அழுதார். நானும் அழுதேன். இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்ததில் அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு இல்லை.

பின்னேரம் மாடியறைத் திறப்பு மாஸ்த்ருவின் கைக்கு வந்தது. மேண்டலின்கள் மட்டும் வரவில்லை. "நாளைக்குத் தாறன்", "சவரத்துக்கு வரேக்கை கொண்டு வாறன்" என்று ஆளுக்கொன்றாக வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒன்றாவது திரும்பவில்லை. கூப்பிட்டுக் கேட்போமா என்று நான் கேட்டேன். "நாயே, வாயை மூடு" என்றார் மாஸ்த்ரு. முகம் மலர்ந்திருந்தது.

திங்கட்கிழமை, திருநாளுக்கு மறுநாள், மிலான் வியாபாரி நீளமான வண்டியோடும் கட்டுக்கட்டாகப் பொதி காகிதத்தோடும் வந்து இறங்கினான். அகத்தீனா முன்கூட்டியே இந்த நாளைக் குறித்து எழுதியிருந்தாள்; திருநாள் ஆரவாரத்தில் அவனை வரவேண்டாம் என்று சொல்ல எவருக்கும் ஞாபகமில்லை. மாஸ்த்ருவும் நானும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அவன் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தான். சுவர் முழுக்க வெறும் ஆணி.

"அம்மா, இந்தப் பக்கத்திலேயே பெரிய சேகரிப்பாளர் உங்கடை கணவர்தான் எண்டு சொன்னவையள். ஒண்டுகூட இல்லையே?"

அகத்தீனா இடுப்பில் கையை வைத்தாள். "ஏன் இல்லை? எல்லாம் ஊருக்குள்ள கிடக்கு. ஒவ்வொரு வீடாய்த் தட்டி, அவையின்ரை கையிலயிருந்து வாங்கிக்கொண்டு போம், பாப்பம்! என்ரை மனுசன் மேண்டலின் சேர்க்கிறதை விட்டு ஒரு நாளாச்சு. இப்ப அவர் ஆக்களைச் சேர்க்கிறார்."

மாஸ்த்ரு கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வியாபாரி காகிதக் கட்டுகளைத் திரும்ப ஏற்றினான். வெறும் வண்டி கல் தெருவில் எவ்வளவு சத்தம் போடும் என்று தெரியும்தானே? சதுக்கத்தைத் தாண்டி, மலைப் பாதையில் இறங்கும்வரைக்கும் அது கடகடவென்று கேட்டுக்கொண்டிருந்தது.